ஊளு தாண்டிய பிறகு

ஊளு தாண்டியதும் வேகம் நூற்றி நாற்பது.
பின்னால் பதினான்கு பெட்டிகள்,
பாதி தூக்கம், பாதி பீர்,
கடைசியில் சக்கரம் கட்டிய கார்கள்.
முன்னால் நானும் 3341-உம்.

பழைய ரஷ்ய இஞ்சினில் உடம்பே காது.
எந்த மோட்டாருக்கு மூச்சு முட்டுகிறதென்று
முழங்காலுக்குத் தெரியும்.
இது அப்படியில்லை.
எட்டாயிரத்து ஐந்நூறு குதிரைகள்,
ஒன்றுகூடக் கனைப்பதில்லை.
கோளாறென்றால் திரையில்
மரியாதையாக ஒரு வரி எழுதிக் காட்டும்.
மன்னிப்பும் கேட்டுவிடுமோ என்று பயமாயிருக்கும்.

காலடியில் ஒரு மிதி.
அவ்வப்போது விட்டு மிதித்தால்
ஓட்டுநர் உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம்.
இதைவிடச் சுருக்கமாக
யாரும் என் நலம் விசாரித்ததில்லை.

கெமிக்கு வடக்கே கம்பியெல்லாம் உறைபனி.
மேலே கொக்கி உரச உரச
நீலம், பச்சை, மறுபடி நீலம்.
பிர்ச் மரங்கள் நிழலோடு எழுந்து நின்று
உடனே இருட்டில் உட்கார்ந்துகொள்ளும்.
வடதுருவ ஒளி என்று பயணிகள்
செல்போனில் பிடிக்கிறார்களாம்.
கண்டக்டர் ரெயோ திருத்துவதில்லை.
"அதுவும் டிக்கெட்டில் அடக்கம்" என்கிறான்.

தெர்வோலா தாண்டி, ஆறு இருபத்திரண்டுக்கு,
தண்டவாளத்தில் பதினோரு துருவமான்கள்.
இடுப்பளவு பனியில் நடந்து அலுத்தவை.
நாங்கள் சுரண்டி வைத்த பாதை
அவற்றுக்கு ராஜபாட்டை.

ஊதினேன். பிரேக்.
எண்ணூறு டன் சொல் கேட்க
ஒரு கிலோமீட்டர் வேண்டும்.
எட்டு, இடப்பக்கம் குதித்தன.
மூன்று மட்டும்
என் விளக்கு விழுந்த இடத்தையே வழியென்று நம்பி
வெளிச்சத்துக்குள்ளேயே ஓடின.

பழைய இஞ்சின் என்றால்
தொலைவிலேயே தடதடத்துச் சொல்லியிருக்கும்
என்று நினைக்க ஆசைதான்.
அதில் நான் அடித்தவை பத்தொன்பது.

பெரிய சத்தமில்லை.
அடுத்த அறையில் யாரோ
புத்தகத்தைக் கீழே போட்டதுபோல, மூன்று முறை.
இல்லை, இரண்டு.
மூன்றாவதை நானே எண்ணிக்கொண்டேன்.

மைனஸ் முப்பத்தொன்று.
டார்ச்சோடு இறங்கிக் காற்றுக் குழாய்களைத் தடவிப் பார்த்தேன்.
அரை மணியில் காட்டுப் பாதை வழியே
பனிஸ்கூட்டரில் வந்தார் அந்தெரோ.
என்னைப் பார்க்கவில்லை.
உறையைக் கழற்றி, விறைத்த காதை
இரண்டு விரலுக்கிடையே வைத்து
மெல்ல வருடினார், இருட்டில் சாவி தேடுகிறவர்போல.
இடது காதில் இரண்டு பல்.
வலது காதின் நுனி பிளவு.
"ஹில்க்காவுடையது. மதினி.
மற்றது யாருடையதென்று வீட்டில் பார்க்கணும்."

பிறகு இஞ்சினை நிமிர்ந்து பார்த்தார்.
"இதற்குக் குறி உண்டா?"
எண்ணைக் காட்டினேன்.
உறையை மாட்டிக்கொண்டு
3, 3, 4, 1 என்று தடவிப் பார்த்தார்.
"ஒன்றும் தட்டுப்படவில்லையே."
"ஸ்டிக்கர்" என்றேன்.
"மின்சாரம் போனால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை.
அதற்குள் அவர் குனிந்துவிட்டார்:
மேட்டோரம் ஒரு தடம் காட்டுக்குள் போகிறது,
மூன்று குளம்பு ஆழமாக,
நான்காவது ஒரு கோடாக.
துப்பாக்கியை எடுத்துக்கொண்டு
விடைபெறாமல் போனார்.

புறப்பட்டோம். நாற்பத்தேழு நிமிடம் தாமதம்.
வெடி சத்தம் கேட்குமா என்று
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
கேட்கவில்லை. கேட்காததற்கு
எத்தனையோ காரணம் இருக்கலாம்.

ரோவனியெமியில், பூனைக்கூடையோடு இறங்கிய பெண்மணி
முன்னால் வந்து நின்று சொன்னார்:
"நடுவில் நின்றதே தெரியவில்லை, அவ்வளவு மென்மை."

நன்றி என்றேன்.
மூக்கில் உறைந்ததைக் கழுவ வெந்நீர் கேட்டேன்.
படிவத்தில் இஞ்சின் சேதம்: இல்லை.
விலங்குகள்: 2.
பேனாவை மூடி, திறந்து,
ஓரத்தில், எந்தக் கட்டத்துக்கும் வெளியே,
ஒரு கோடு இழுத்தேன்.